குறைவு என்று எழுதிய அட்டை

அக்கா,

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். முந்தாநாள் காலை பால் வாங்கப் போனபோது அந்த மனையில் முக்காலி மாதிரி ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, குழாயைத் தரைக்குள் இறக்கி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னப்பா பண்றீங்க என்று கேட்டேன். "சாயில் டெஸ்ட்மா. எத்தினி மாடி தாங்கும்னு பாக்கணும்ல" என்றார் குழாயைப் பிடித்திருந்தவர். முதலில் வந்தது செங்கல் தூளும் செம்மண்ணும். மனையை மேடாக்க இடுப்பளவு கொட்டியிருந்த மண் அது. அதற்குக் கீழே போனதும் கருப்பாக, பிசுபிசுவென்று களி வந்தது. அதன் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏரித் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து நெல் விளைந்த மண்ணுக்குத்தான் அந்த வாசனை. அவர் அதை ஒரு துணிப்பையில் போட்டுச் சீட்டுக் கட்டினார். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அது உங்கள் நிலமா என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஊரான இந்தச் செம்பாக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இருந்தும் உங்கள் வயல் எந்தத் தெருவில் வரும் என்று சொல்லச் சொன்னால் திணறுவேன். மதகிலிருந்து கிழக்கே நடந்து, மூன்று பனைமரம் தாண்டினால் உங்கள் வரப்பு. இப்போது பனையும் இல்லை, வரப்பும் இல்லை. எதை வைத்து அளப்பது? உங்கள் விஷயத்தில் எனக்குத் தெளிவாக இருந்தது என்று எதைத்தான் சொல்ல முடியும்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை.

நீங்கள் முதல்முதலாக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது அறுபதுகளின் கடைசி வருடங்களில். நான் வேதியியல் படித்து முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. ஊர் ஊராகப் போய் மண் வாங்கி வருவது கிராம சேவக்குகளின் வேலை. விவசாயிகள் நேரில் வருவது அபூர்வம், அதிலும் பெண்கள் வந்ததே இல்லை. நீங்கள் ஒரு மஞ்சள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சரம்மா, இந்த மண்ண பாத்து சொல்லணும்" என்றீர்கள்.

"நான் டீச்சர் இல்லக்கா."

"வெள்ளப் பொடவ கட்டிகினு, பேனா வச்சிகினு கீற. அப்பால இன்னா?"

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் டீச்சர்தான். என் அம்மா, என் சித்தி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசையில் உட்காருகிற அத்தனை பேரும். அதிலிருந்து தப்பித்துத்தான் இந்த வேலைக்கு வந்திருந்தேன். அதை உங்களிடம் விளக்கவா முடியும்? கடைசி வரைக்கும் டீச்சரம்மாவாகவே இருந்துவிட்டேன்.

பையைத் திறந்து பார்த்தேன். மதகு வாயருகே ஒரே இடத்தில் அள்ளியது என்றீர்கள். இது செல்லாது, நிலம் முழுக்கப் பல இடத்தில் எடுக்க வேண்டும் என்றேன். உங்கள் முகம் விழுந்துவிட்டது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, அந்தச் சனிக்கிழமை நானே வருவதாகச் சொன்னேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னீர்கள். உங்கள் கணவர் போய் இரண்டு வருடம். நிலம் அவர் பெயரிலும் அவர் தம்பி பெயரிலும் பொதுவில் இருக்கிறது. மனை போட்டு விற்கிற ஆள் ஒருவர் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். "எங் கொழுந்தனும் நானும் பேசி வச்சிகினு கீறோம். மண்ணு நல்லா கீதுன்னு சர்க்கார் சீட்டு குடுத்தா உயுவோம். இல்லன்னா வித்துடுவோம்."

இதைக் கேட்டவுடன் என் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. நிலத்தைக் காப்பாற்ற ஓடி வந்த விதவை, விற்கத் துடிக்கிற கொழுந்தன். அந்தப் படத்தை உங்களிடம் காட்டி இது சரியா என்று நான் கேட்கவே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நீங்கள் என்பதாலேயே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

சனிக்கிழமை நாம் இருவரும் மண் எடுத்தோம். வளைந்து வளைந்து நடந்து, பதினைந்து இடத்தில் மண்வெட்டியால் குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து ஒரு சீவல். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக்குவியல் இருந்த இடம் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரித்தீர்கள். "பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற" என்றீர்கள். எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் கொட்டிப் பிசறி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, கடைசியில் இரண்டு கை மண் மிச்சமானது. காணி நிலத்துக்கு இந்த இரண்டு கைதானா பதில் சொல்லும் என்று கேட்டீர்கள். சொல்லும் என்றேன். அன்றைக்கு எனக்குச் சந்தேகமே கிடையாது.

வயலைவிட்டு ஏறும்போது கால் சேற்றை மதகில் கழுவிக்கொண்டே, "எங்காலத்துக்கு அப்பால இந்த சேத்துல எவ வந்து நிப்பா?" என்றீர்கள். உங்கள் பெண் அப்போது தாம்பரத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நடவுக்கும் களைக்கும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவளும் வயலில் நிற்க வேண்டியிருந்ததைச் சொல்லியிருந்தீர்கள். நிலம் போய்விடுமே என்று நீங்கள் கலங்குவதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் ஆகாதுக்கா" என்றேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று அப்போது யோசிக்கவில்லை.

மண்ணை நிழலில் உலர்த்தி, சலித்து, சோதித்தேன். மணிச்சத்துக்கு ஒரு சோதனை உண்டு. மண்ணிலிருந்து வடித்த நீரில் மருந்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். சத்து அதிகமானால் நீலம் அடர்த்தியாக இருக்கும். உங்கள் மண்ணில் வந்த நீலம், துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது. தழைச்சத்தும் அப்படியே. சாம்பல் சத்து மட்டும் பரவாயில்லை. அட்டையில் எழுதினேன். தழைச்சத்து: குறைவு. மணிச்சத்து: குறைவு. சாம்பல் சத்து: நடுத்தரம். எந்த உரம் எவ்வளவு என்று கீழே எழுதி, தபாலில் சேர்த்தேன். எனக்கு ஒரே மகிழ்ச்சி. குறைவான மண்தானே உரத்துக்கு நன்றாகப் பலன் கொடுக்கும்! உங்கள் நிலம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து நீங்கள் மறுபடி வந்தீர்கள். கையில் அந்த அட்டை. யாரோ உங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"இத்த நீதான எய்துன?"

"ஆமாக்கா."

"குறைவுன்னு போட்டுகீதாம்."

"ஆமா."

"இது மாறாதில்ல?"

எத்தனையோ தடவை இந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்துவிட்டேன் அக்கா. உங்கள் குரல் எப்படி இருந்தது? நடுங்கியது போல ஞாபகம். ஆனால் ஞாபகத்தில் நான்தான் நடுக்கத்தைச் சேர்த்தேனா? அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அழப் போகிற குரல். உங்களை உட்காரவைத்துப் படபடவென்று பேச ஆரம்பித்தேன்.

"நீங்க தப்பா எடுத்துகிட்டீங்கக்கா. குறைவுன்னா கெட்ட மண்ணு இல்ல. காலியா இருக்கு, அவ்வளவுதான். பாத்திரம் நெறைஞ்சிருந்தா மேல ஊத்தறது வழிஞ்சு போயிடும். காலியா இருந்தா ஊத்தினது நிக்கும். உங்க நிலத்துக்கு உரம் போட்டா பயிர் எப்படி வரும் பாருங்க! அதிகம்னு எழுதியிருந்தாதான் நீங்க கவலைப்படணும்."

நீங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "அப்ப இது நல்லதுன்ற?"

"ரொம்ப நல்லது."

"சரி, நீயே வந்து எங் கொழுந்தங்கிட்ட சொல்லு" என்றீர்கள்.

வந்தேன். உங்கள் கொழுந்தன் குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தவர். மடித்த காக்கிச் சட்டை, எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத தோல் வாசனை. முரட்டு ஆளை எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் ஸ்டூல் போட்டு, தெருமுனைக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"இன்னாமா, குறைவுன்னா நல்லதுன்ற. அதிகம்னா கெட்டதுன்ற. அப்ப நல்லதுன்னே எய்திட்டுப் போறதுதான?"

"சத்து குறைவுன்னுதாங்க எழுதியிருக்கு. நிலம் மோசம்னு எழுதல."

"சத்து இல்லாத நெலம் மோசமில்லாம இன்னாமா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை அவருடைய வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணி பேசமாட்டாரா என்று அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. அந்த மௌனத்தைப் பொறுக்காமல் நான்தான் முந்திக்கொண்டேன். ஒரே ஒரு சம்பா போகம் பார்க்கலாம். பத்துப் பத்து செண்டில் இரண்டு பாத்தி. ஒன்றுக்கு அட்டையில் உள்ளபடி உரம், இன்னொன்றுக்கு ஒன்றுமே வேண்டாம். அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். உரத்தை எங்கள் ஆபீசிலிருந்து வாங்கித் தருகிறேன்.

"ஆண்டவன் மேல சத்தியமா சொல்றியாமா, நல்லா வரும்னு?" என்று கேட்டார் அவர்.

"வரும்" என்றேன்.

எங்கள் அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. சோதிக்கத்தான் சம்பளம், சோதித்ததற்குப் பந்தயம் கட்டவா என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டு உரம் கொடுத்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, தாம்பரத்தில் பஸ் பிடித்து உங்கள் வயலுக்கு வந்தேன். அந்த மூன்று மாதம் மாதிரி நான் மகிழ்ச்சியாக இருந்தது குறைவு. உரம் போட்ட பாத்தி எங்கே என்று யாரும் காட்டவேண்டிய அவசியமே இல்லை. மதகில் நின்று பார்த்தாலே தெரியும். ஒன்று இளம்பச்சை, மற்றது கருக்கிருட்டுப் பச்சை. வழியில் போகிறவர்கள் நின்று, இன்னா போட்ட என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "உப்பு" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் ஊரில் அந்த உரத்துக்கு அதுதான் பெயர்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் நீங்கள் அந்தப் பாத்திக்குள் இறங்கி, பயிரின் நுனியில் உள்ளங்கையை வைத்து அப்படியே தடவிக்கொண்டே நடந்தீர்கள். திரும்பி வந்தபோது கண் நிறைந்திருந்தது. "இத்தினி வருசத்துல இப்பிடி ஒரு பச்சைய நான் பாத்ததில்ல" என்றீர்கள். அந்தக் கண்ணீரை நான் கற்பனை செய்யவில்லை அக்கா. வேறு எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவேன், அதை மட்டும் சந்தேகப்படமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு புயல் மழை. இரண்டு நாள் விடாமல் அடித்தது. பண்டிகை முடிந்த மறுநாள் கொஞ்சம் கேக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன். மதகில் ஏறியதும் உரம் போட்ட பாத்தியைக் காணோம். ஒரு கணம் வழி தவறி வேறு பக்கம் வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. பயிர் மொத்தமும் படுத்திருந்தது. யாரோ பாயை விரித்த மாதிரி, ஒரே பக்கமாக, தண்ணீருக்குள். கதிர் எல்லாம் சேற்றில். பக்கத்தில், ஒன்றுமே போடாத பாத்தி, நோஞ்சானாக, ஆனால் நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா, வூட்டுக்குப் போலாம். காபி வச்சித் தரேன்" என்றீர்கள். கேக்கை வாங்கிப் பாதியைப் பெண்ணுக்கு எடுத்து வைத்தீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் அழவில்லை. "வுடு டீச்சரம்மா. மழைக்கு இன்னா தெரியும்?" என்று மட்டும் சொன்னீர்கள். கொழுந்தன் வாசலில் நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அறுத்தபோது படுத்த பாத்தியில் பாதிக்கு மேல் முளைவிட்ட நெல். வைக்கோல் மட்டும் தூக்க முடியாத கனம். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன நெல்லு?"

வாடன் சம்பா என்றேன்.

"ஆள் உயரம் வளர்ற பயிர். அதுக்கு அவ்வளவு தழைச்சத்து கொடுத்தா படுக்காம என்ன செய்யும்? நாம எழுதற அளவு குட்டை நெல்லுக்குன்னு தெரியாதா உனக்கு?"

தெரியும். நன்றாகத் தெரியும். விவசாய டிப்போவில் குட்டை நெல் விதை வாங்கிப் போடச் சொல்லி உங்களிடம் சொன்னேனா என்பதுதான் தெரியவில்லை. சொன்ன மாதிரி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சொன்ன மாதிரி, நீங்கள் தலையாட்டிய மாதிரி. ஆனால் அதே வாரம் முடிச்சூரில் வேறு இரண்டு பேரிடம் இதையே சொல்லியிருந்தேன். அந்தக் கதவுநிலை யாருடையது? நடவு முடிந்து நான் வந்து பார்த்தபோது நாற்றைப் பார்த்து என்ன ரகம் என்று ஏன் கேட்கவில்லை? கேட்காமலே உரத்தை நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். அதிகாரி பதிவேட்டில், மழைச் சேதம், கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்.

தை பிறந்ததும் நீங்களும் உங்கள் கொழுந்தனும் விற்பனைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தீர்கள். மாசியில் கல் நட்டு, கயிறு கட்டி, மனை பிரித்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. செம்பாக்கம் பக்கம் வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பினேன். ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தின்றுவிட்டேன் என்ற எண்ணத்தோடுதான் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன்.

ஐந்தாறு வருடம் கழித்து, எழுபதுகளின் நடுவில், தாம்பரம் ஸ்டேஷனில் நீங்கள்தான் என்னைப் பார்த்தீர்கள். "டீச்சரம்மா!" என்ற குரல் கேட்டு பிளாட்பாரமே திரும்பியது. காலில் செருப்பு, கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை. கொஞ்சம் சதை போட்டிருந்தீர்கள். முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு பெண்ணைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். "எம் பொண்ணு நெச டீச்சரு ஆவப்போறா" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். "என்னாலதான்க்கா உங்க நிலம் போச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "யாரு சொன்னா?"

"நான் நல்லா வரும்னு சொல்லித்தானே..."

"அய்ய. விக்கலாம்னு மொதல்ல சொன்னதே நாந்தானே! எங் கொழுந்தன்தான் யோசன பண்ணாரு. அண்ணன் செத்ததும் அண்ணிய தொரத்திட்டு நெலத்த வித்துட்டான்னு ஊரு பேசும்னு பயம் அவருக்கு. சர்க்கார் சீட்டு இருந்தா யாரும் வாய தெறக்கமாட்டாங்கன்னுதான் உன்னாண்ட வந்தேன். குறைவுன்னு வந்துதா, அப்பாடான்னு இருந்துது. அத்த கேக்கத்தான் வந்தேன், மாறாதில்லன்னு. நீ இன்னாடான்னா ஒக்கார வச்சி பாத்திரம், தண்ணின்னு ஆரம்பிச்சிட்ட."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப ஏன்க்கா ஒத்துகிட்டீங்க? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்றீர்கள். கோபமே இல்லை அந்தக் குரலில். "வெயில்ல நடந்து வந்து, மொகம் செவந்து, அவ்ளோ ஆசையா பேசுற. படிச்ச பொண்ணு. வேணான்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரி, ஒரு சம்பாதானேன்னு வுட்டுட்டேன்."

"கார்த்திகையில அந்தப் பயிரைத் தடவி அழுதீங்களே..."

மின்சார ரயில் வந்து நின்றது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டீர்கள். "அதுவும் நெசந்தான்" என்றீர்கள். பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலில் கையை ஆட்டினீர்கள். ரயில் போய்விட்டது.

நான் போகவேண்டிய ரயிலும் அதுதான். ஏறவில்லை. அடுத்த ரயில் வரும்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படவேண்டும் என்று தோன்றியது. என் தலையில் இருந்த பாரம் இறங்கிவிட்டதல்லவா? ஆனால் இறங்கவில்லை, இடம்தான் மாறியது. குறைவு என்ற சொல்லை உங்கள் கொழுந்தன் தப்பாகப் படித்தார் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் தப்பாகப் படிக்கவே இல்லை. அண்ணிக்கு என்ன வேண்டுமோ அதைக் கவனமாகப் படித்திருக்கிறார். தப்பாகப் படித்தவள் நான். பிறகு இன்னொன்று தோன்றியது. பிறந்ததிலிருந்து நெல் நட்ட கை உங்களுடையது. உயரமான பயிருக்கு ஊட்டம் மிஞ்சினால் மழையில் படுத்துவிடும் என்று உங்களுக்கா தெரியாது? என் ஆசையைக் கெடுக்காமல், உங்கள் காரியத்தையும் நடத்திக்கொள்ளத்தான் வாடன் சம்பாவை எடுத்தீர்களா? இல்லை, கைக்கு வந்த விதையைத்தான் விதைத்தீர்களா?

அதற்குப் பிறகு உங்களை நான் பார்க்கவில்லை. போன வருடம் வங்கியில், பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடும் வரிசையில், எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றாள். உங்கள் தாடை, உங்கள் நிற்கிற விதம். செம்பாக்கத்துப் பெண்ணா என்று தயங்கிக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க மண்ணு டீச்சர்தானே? அம்மா அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றிருக்கிறாள். நீங்கள் போய் எட்டு வருடம் ஆகிவிட்டது என்பதை அந்த வரிசையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். வயதான இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எண் கூப்பிடுவதைக்கூடக் கவனிக்காமல் பேசினோம்.

விதையைப் பற்றி அவளிடம் கேட்டேன். யோசித்தாள். பரண்மேல் டிப்போ முத்திரை போட்ட ஒரு விதை மூட்டை வாய் பிரிக்காமலே கிடந்தது, நிலம் விற்ற பிறகு அதைக் கோழிக்கு இறைத்தது ஞாபகம் இருக்கிறது என்றாள். அது அந்த வருடத்து மூட்டையா என்றேன். "தெரியலயே டீச்சர். நான் சின்னப் பொண்ணு" என்றாள். சித்தப்பா சில சமயம் டிப்போவிலிருந்து எதையாவது வாங்கிப் போடுவாராம், அதுவாகவும் இருக்கலாமாம்.

இன்னொன்றும் சொன்னாள். கடைசிக் காலத்தில் நீங்கள் முடிச்சூரில் அவளோடுதான் இருந்தீர்கள். சென்னையையே மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் வந்தபோது மாடி வீட்டுக்காரர்கள் உங்களைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வடிந்து இறங்கி வந்தால் வீடு முழுக்கக் கணுக்கால் சேறு. கட்டில், பீரோ, அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் நாசம். அவள் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருக்க, நீங்கள் குனிந்து, ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "மண்ணு நல்லா கீதுடி" என்றீர்களாம். அப்போது உங்கள்மேல் வந்த கோபத்தை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி எந்தப் பெண்ணும் இந்தச் சேற்றில் நிற்கக்கூடாது என்று நிலத்தை விற்ற நீங்களா? அல்லது பச்சையைத் தடவி அழுத நீங்களா? யார் அதைச் சொன்னது?

அந்த ரயில் நிலையத்துக்குப் பிறகு இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மண் சோதித்தேன் அக்கா. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும், குறைவு என்றால் மோசமான நிலம் என்று அர்த்தமில்லை, என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். மண்ணோடு யாராவது நேரில் வந்தால் பையை வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். என்ன நெல் போடப் போகிறீர்கள்? இந்தச் சீட்டில் என்ன வந்தால் உங்களுக்கு நல்லது? இரண்டாவது கேள்விக்குப் படிவத்தில் இடம் கிடையாது. கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். கேட்கப்பட்டவர்களும் விழிப்பார்கள். சிலர் விழித்துவிட்டுப் பிறகு கொட்டித் தீர்ப்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களின் மண்ணை மட்டும் நான் இரண்டு முறை சோதித்தேன். ஒரு முறைகூட விடை மாறி வந்ததில்லை. இருந்தாலும் வேலையை விடும் நாள்வரை அப்படியே செய்தேன். எதற்கு என்று கேட்டால், இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை அக்கா.